உழுது போட்ட மண்ணைப் பார்க்க சைக்கிளில் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்திலோ காரிலோ போகும்போது உழுத வயல் ஒரு பழுப்புப் பட்டையாகத்தான் கடந்து போகும். சைக்கிளின் வேகத்தில்தான் சால் சாலாக, அதாவது கலப்பை கீறிய ஒவ்வொரு கோடாக, கண்ணில் படும். வாசனையும் மூக்குக்கு எட்டும். எந்த மாதம், எந்த மண், எந்த நேரம், எந்த டயர், எங்கே இறங்கிவிட வேண்டும் என்று அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. எல்லாம் தமிழ்நாட்டு நிலத்தை வைத்துச் சொல்லப்பட்டவை.

எந்த மாதத்தில் போனால் உழுத மண்ணைப் பார்க்கலாம்?

மண்ணைப் பொறுத்து மாதம் மாறும்.

கரிசல் என்ற கறுப்பு மண்ணிலும் செவல் என்ற சிவப்பு மண்ணிலும் முதல் வாய்ப்பு கோடை உழவு. பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை எப்போது மழை விழுகிறதோ அப்போது. "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்று சொல்வது இந்த உழவைத்தான். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து ஊரே சேர்ந்து முதல் உழவு போடுவார்கள். தெற்கே இதற்குப் பொன்னேர் பூட்டுதல் என்று பெயர், காவிரி டெல்டாவில் நல்லேர். மாடு கட்டி உழுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஒரு காலையைத் தவற விடாதீர்கள்.

கரிசலில் இரண்டாவது வாய்ப்பு ஆவணி, புரட்டாசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் காய்ந்த மண்ணிலேயே உழுது, பல இடங்களில் அப்படியே விதைத்தும் விடுவார்கள். மழை வந்ததும் முளைக்கட்டும் என்று.

டெல்டாவில் தண்ணீர்தான் நாள்காட்டி. மேட்டூர் அணையில் இருப்பு போதுமானதாக இருந்தால் ஜூன் 12 அன்று திறப்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கும். பம்புசெட் உள்ள ஊர்களில் அதற்கு முன்பே குறுவை நெல்லுக்கு உழவு தொடங்கியிருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் சம்பா நெல்லுக்கும், செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுத்த தாளோடு சேர்த்துத் தாளடி நெல்லுக்கும் மறுபடி உழுவார்கள்.

பலரும் ஏமாறுவது தை, மாசியில். சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டா முழுக்க உழுது கிடக்கும் என்று நினைத்துப் போவார்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது அங்கே வழக்கம். உழவே கிடையாது. தாளுக்கு நடுவே பச்சை எட்டிப் பார்க்கும், அதுவும் அழகுதான், ஆனால் தேடிப் போனது அது இல்லை.

மழை பெய்து எத்தனை நாள் கழித்துப் போக வேண்டும்?

நாளிதழில் வரும் மழை அளவுப் பட்டியலைப் பாருங்கள். அது முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து 24 மணி நேரக் கணக்கு. போகப் போகும் ஊருக்குப் பக்கத்து நிலையத்தில் 20 மி.மீ.க்கு மேல் இருந்தால் அது ஏறக்குறைய "ஒரு உழவு மழை". 5 மி.மீ., 8 மி.மீ. எல்லாம் தூசி அடங்குவதற்குத்தான் ஆகும்.

செவல் மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடியும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ டிராக்டர் இறங்கிவிடும். கரிசல் அப்படி விடாது. மூன்று, நான்கு நாள் ஆகும். அவசரப்பட்டு இறக்கினால் மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து காய்ந்து கல்லாகிவிடும் என்று தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள்.

பதம் வந்துவிட்டதா என்று விவசாயிகள் பார்க்கும் விதம் எளிது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து உருண்டையாகப் பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுவார்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் உழலாம். அப்பளம் போல அமுங்கி ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது.

புதிதாக உழுத மண் ஏன் அப்படிப் பளபளக்கிறது? பத்து மணிக்குப் போனால் ஏன் வெளிறிப்போய்க் கிடக்கிறது?

காய்ந்த மண்துகளின் மேல் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறித் திரும்பி வரும். அதனால் வெளிறித் தெரியும். துகளைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் வெளிச்சம் உள்ளே உள்ளே இறங்கி அங்கேயே அடங்கிவிடும். அதனால்தான் ஈர மண் இரண்டு பங்கு கறுப்பாகத் தெரிகிறது. பளபளப்புக்குக் காரணம் வேறு. களி மண்ணை இரும்பு அறுத்துப் புரட்டும்போது கொத்தனார் கரண்டியால் பூச்சை வழித்த மாதிரி அந்த முகம் வழவழப்பாகிவிடும். வெயில் அதன் மேல் கண்ணாடியில் பட்டது போலத் தெறிக்கும். சட்டிக் கலப்பை (வட்டத் தட்டுகள் உள்ள டிராக்டர் கலப்பை) புரட்டிய கரிசலில் கிட்டப் போய்ப் பாருங்கள்: ஒவ்வொரு பாளத்திலும் ஒரு பக்கம் மட்டும்தான் மின்னும், இரும்பு தொட்ட பக்கம். உடைந்த பக்கம் சொரசொரப்பாக, வேர் நுனிகள் நீட்டிக்கொண்டு இருக்கும்.

சித்திரை வெயிலில் அந்த முகம் சில மணி நேரத்தில் காய்ந்து, மயிரிழை வெடிப்பு விட்டு, சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நேற்று உழுததா இன்று உழுததா என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நிழலும் சேர்ந்தால்தான் அழகு முழுமையாகும். சூரியன் எழுந்து முக்கால் மணி நேரத்தில் அது தொடுவானத்துக்கு மேல் சுமார் 10 பாகை உயரத்தில் இருக்கும். 10 செ.மீ. உயரமுள்ள மண் மேடு அப்போது அரை மீட்டருக்கு மேல் நிழல் விழ வைக்கும். ஒன்பது மணிக்கு அதே மேட்டின் நிழல் சுமார் 10 செ.மீ.தான். இன்னொன்று, சால் வடக்கு தெற்காக ஓடினால்தான் காலை நிழல் ஒவ்வொரு சாலிலும் விழும். கிழக்கு மேற்காக ஓட்டிய வயலில் எத்தனை சீக்கிரம் போனாலும் வரி எடுப்பாகத் தெரியாது. ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும், நாலரைக்கு எழ வேண்டாம்.

சாலின் வடிவத்தைப் பார்த்தே எந்தக் கலப்பை என்று சொல்ல முடியுமா?

முடியும். சாலை ஓரத்தில் நின்றே சொல்லலாம்.

அகலமான குழிந்த சால், புட்டுப் புட்டாகப் புரண்ட பாளங்கள், கரிசலாக இருந்தால் கால்பந்து அளவுக் கட்டிகள்: சட்டிக் கலப்பை. 20 முதல் 30 செ.மீ. ஆழம் போகும். வருடத்தின் முதல் உழவுக்கு இதைத்தான் போடுவார்கள். மண் ஒரே பக்கம் புரண்டு விழுவதால் வயலில் ஓரிடத்தில் மேடும் இன்னோரிடத்தில் வாய்க்கால் போல ஒரு பள்ளமும் மிஞ்சும். அதைப் பிறகு சரி செய்ய வேண்டும்.

சீப்பால் வாரிவிட்ட மாதிரி இணையான கோடுகள், கோட்டுக்குக் கோடு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவோ கூடுதலோ இடைவெளி: கொத்துக் கலப்பை. ஐந்து கொத்து, ஒன்பது கொத்து என்று பல்லை எண்ணிச் சொல்வார்கள். 10 முதல் 15 செ.மீ. ஆழம். சைக்கிளில் போகிறவர் பார்ப்பதில் பெரும்பாலானது இதுதான். முதலில் நெடுக்கே ஒரு முறை, சில நாள் கழித்துக் குறுக்கே ஒரு முறை. குறுக்கு உழவு முடிந்த வயலில் கோடுகள் கட்டம் கட்டமாகக் கலைந்திருக்கும்.

கோடே இல்லாமல் சலித்த மாவு போலக் கிடந்தால் ரோட்டவேட்டர், சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி. 10, 12 செ.மீ. வரைதான் இறங்கும்.

அரை மீட்டருக்கு ஒன்றாக ஒரு கீறல், நடுவில் மண் மேலெழும்பி விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் புரளவில்லை என்றால் அது உளிக் கலப்பை. அரிதாகத்தான் தென்படும். 40 செ.மீ. வரை கீறி, அடியில் இறுகிய தட்டை உடைப்பதற்காக மூன்று ஆண்டுக்கு ஒரு முறை குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது.

மூலைகளையும் வரப்போரத்தையும் கவனியுங்கள். டிராக்டர் திரும்ப முடியாத அந்த முக்கோணத்தில் மண்வெட்டிக் கொத்து தெரிகிறதா? தெரிந்தால் அந்த வயல்காரர் சொந்தமாக இறங்கி வேலை செய்கிறவர்.

மாவு போலக் கிடக்கும் வயல்தான் பார்க்க அழகு. அதுதானே நல்ல உழவு?

விதைப்பதற்கு முந்தின நாள் என்றால் சரி. நிலக்கடலை, எள், காய்கறிக்கு நுண்மையான மண் வேண்டும். கோடையிலேயே அப்படி ஆக்கி வைத்திருந்தால் அது நல்ல உழவு இல்லை.

கோடை உழவின் வேலையே மண்ணைக் கரடுமுரடாகப் போடுவது. கட்டிகளுக்கு இடையே மழைநீர் நின்று இறங்கும். மாவு மண்ணில் முதல் கனமழையே மேலே ஓர் ஏடு கட்டிவிடும். அடுத்த மழை அதன் மேல் வழிந்து ஓடிவிடும். கட்டியாகப் புரட்டினால் கோரைக் கிழங்கும் அருகம்புல் வேரும் மேலே வந்து வெயிலில் வற்றும். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு 2 முதல் 8 செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாக இருக்கும். அதுவும் மேலே வந்து பறவைக்கும் வெயிலுக்கும் போகும். 2018இல் அந்தப் புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு, விட்டுப்போயிருந்த கோடை உழவைப் பலர் மறுபடி கையில் எடுத்தார்கள்.

வருடா வருடம் ரோட்டவேட்டர் மட்டுமே ஓட்டினால் அது எட்டாத ஆழத்தில் மண் இறுகித் தட்டு போல ஆகிவிடும். வேர் அதற்குக் கீழே போகாது, தண்ணீரும் போகாது. ஆகவே வழவழவென்று விரித்த கம்பளம் போன்ற வயலைப் பார்த்து மயங்கலாம், ஆனால் பக்கத்தில் கட்டி கட்டியாக, அசிங்கமாகக் கிடக்கிறதே ஒரு கரிசல் நிலம், அதன் சொந்தக்காரர்தான் இந்த வருடம் மழையைப் பிடித்து வைக்கப் போகிறவர்.

மாட்டு ஏர் இன்னும் பார்க்கக் கிடைக்கிறதா?

சின்னத் துண்டு நிலம், டிராக்டர் போக வழியில்லாத மலையடிவாரம், வரிசைப் பயிருக்கு இடையே ஊடு உழவு, இந்த மூன்று இடங்களில் கிடைக்கிறது. நாட்டுக் கலப்பையின் கொழு (இரும்பு முனை) போடும் சால் ஆங்கில எழுத்தான வி வடிவில் இருக்கும். இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் ஒரு கூம்பாக நின்றுவிடும். அதனால்தான் குறுக்கே இன்னொரு உழவு கட்டாயம்.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் அகலம் பிடிக்கும் ஒன்பது கொத்துக் கலப்பையோடு டிராக்டர் ஒரு ஏக்கரை முடிக்க ஏறக்குறைய 2 கி.மீ. ஓடினால் போதும். சாலுக்குச் சால் 20 செ.மீ. என்று வைத்தால், ஏர் ஓட்டுகிறவர் அதே ஏக்கருக்கு நடக்க வேண்டிய தூரம் 20 கி.மீ. அதுவும் ஒரு முறை உழுவதற்கு மட்டும், மேழியை (கலப்பையின் கைப்பிடியை) அழுத்திப் பிடித்தபடி, கட்டிகளின் மேல் வெறுங்காலோடு.

சேற்று வயல் ஏன் கண்ணாடி மாதிரி இருக்கிறது? அதுவும் உழவுதானா?

அதுவும் உழவுதான். தெற்கே தொளி என்பார்கள், வட மாவட்டங்களில் சேடை ஓட்டுவது என்பார்கள். நீர் கட்டி, கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டரையோ பவர் டில்லரையோ விட்டுக் கலக்குவது. மண்ணின் நுண்ணிய களி கரைந்து மேலே வந்து மெதுவாகப் படியும்போது அடியில் நீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடும். அடுத்த நூறு நாள் வயலில் தண்ணீர் நிற்பது அதனால்தான். பிறகு பரம்படித்து மட்டம் செய்வார்கள். பரம்படித்த வயலில் காற்றில்லாத காலையில் தென்னையும் வானமும் தலைகீழாக அப்படியே இறங்கி நிற்கும்.

பக்கத்தில் நாற்றங்கால் இருந்தால் அதை மட்டும் மிதிக்காதீர்கள். தண்ணீரை வடித்து மெழுகியது போல வைத்திருக்கும் அந்தச் சின்னப் பாத்தியில் ஒரு கால் தடம் விழுந்தால், அந்தக் குழியில் தண்ணீர் தேங்கி அங்கே விழுந்த முளைவிதை அழுகிவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பச்சை நாற்றுக்கு நடுவே பாதம் வடிவில் மொட்டையாகத் தெரியும்.

மண் வாசனை எங்கிருந்து வருகிறது?

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் முக்கியக் காரணம். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். மழைத்துளி விழும்போது வருவது ஒரு வாசனை. உழும்போது வருவது கொஞ்சம் வேறு: அறுந்த வேர், மக்கிய தாள் எல்லாம் கலந்து இன்னும் பச்சையாக இருக்கும். டிராக்டர் போய் அரை மணி நேரத்துக்குள், வயலிலிருந்து வரும் காற்று முகத்தில் படும்படி நின்றால் நன்றாகத் தெரியும். டீசல் புகை அடங்கும் வரை பொறுங்கள்.

கரிசல், செவல், வண்டல்: வித்தியாசம் எப்படித் தெரியும்?

நிறத்தை விட வெடிப்பை நம்புங்கள். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பது கரிசல். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களி அதில் அதிகம். செவலின் சிவப்பு இரும்புத் துரு. உழுதால் பொலபொலக்கும், கட்டி கையிலேயே உடையும். டெல்டா வண்டல் ஆறு கொண்டுவந்து போட்டது, காய்ந்தால் வெளிர் பழுப்பு, சேற்றில் ஈயத்தின் நிறம்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் "காட்டுக்குப் போயிருக்கார்" என்றால் வனத்துக்கு இல்லை, மானாவாரிப் புஞ்சைக்கு. வழி கேட்கும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

டிராக்டர் பின்னால் திரியும் பறவைகள் எவை?

வெள்ளையாகக் கூட்டமாக வருவது உண்ணிக்கொக்கு. கோடையில் தலையும் கழுத்தும் மஞ்சள் ஆரஞ்சாகிவிடும். கலப்பைக்கு இரண்டு மீட்டர் பின்னாலேயே பயமில்லாமல் நடக்கும். கம்பியிலிருந்து பாய்ந்து பறக்கிற பூச்சியைப் பிடிப்பது கரிச்சான், இரட்டைவால் குருவி என்றும் சொல்வார்கள். மைனா எங்கும் உண்டு. சேற்று உழவில் மடையான், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை.

ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது வெறும் தரையில் முட்டையிடும். மண்கட்டிக்கும் முட்டைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியாது.

உழுத வயலுக்குள் இறங்கலாமா? ஆட்களைப் படம் எடுக்கலாமா?

வரப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். விதைத்திருக்கிறார்களா இல்லையா என்பது வெளியிலிருந்து தெரியாது. சைக்கிளை வரப்பில் உருட்டாதீர்கள். மழைக்குப் பிறகு புதிதாக மண் அணைத்துக் கட்டிய வரப்பில் டயர் தடம் விழுந்தால் அந்த இடத்தில்தான் முதலில் உடைப்பு எடுக்கும்.

படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் "அண்ணாச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்றால் போதும். மற்ற இடங்களில் அண்ணே, ஐயா, அக்கா, அம்மா. கொங்கு நாட்டில் எந்தச் சொல்லானாலும் கடைசியில் ஒரு "ங்க" வேண்டும். பேச்சை "என்ன போடப் போறீங்க?" என்று தொடங்கலாம், "எவ்வளவு கிடைக்கும்?" என்று தொடங்க வேண்டாம். கேள்வி கேட்கிறவர் நிலம் வாங்க வந்த தரகரோ என்ற சந்தேகம் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது.

எந்த சைக்கிள், எவ்வளவு காற்று?

இருக்கிற சைக்கிள் போதும். டயர்தான் முக்கியம். சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு, 35 முதல் 38 மி.மீ. டயர் என்றால் தார்ச் சாலையில் 50, 55 பி.எஸ்.ஐ., மண் பாதையில் 40, 45. இரண்டு அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 28 முதல் 32. 28 மி.மீ. டயரோடு வண்டிப் பாதையில் இறங்காதீர்கள். காற்றைக் குறைத்தால் கல்லில் இடித்து ரிம் டியூபைக் கடிக்கும், குறைக்காவிட்டால் மணலில் புதையும்.

பஞ்சருக்கு இரண்டே எதிரிகள்: சீமைக்கருவேல முள், நெருஞ்சி. முதலாவது வேலி வெட்டிப் போட்ட இடத்தில் இருக்கும், நீளமாகப் போய் டியூபின் இரண்டு பக்கத்தையும் துளைக்கும். அதனால் ஒரு ஓட்டை அடைத்ததும் டியூபைத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்காமல் மாட்டாதீர்கள். நெருஞ்சி பாதை ஓரப் புல்லில். இரண்டு மாற்று டியூப், ஒட்டுப் பொருள், டயர் கழற்ற நெம்பு இரண்டு, பம்ப், முள் பிடுங்க ஒரு சின்ன இடுக்கி. டயரின் உள்பக்கத்தை விரலால் அல்ல, துணியால் தடவிப் பாருங்கள். முள் இருந்தால் துணி மாட்டும், விரல் தப்பிக்கும்.

தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர் என்று கணக்கு வையுங்கள். கரிசலில் நிழல் கிடையாது, கடையும் அடிக்கடி வராது. கையில் இரண்டு லிட்டர் இல்லாமல் போகாதீர்கள். தின்பதற்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயை விட நல்ல பொருள் இல்லை: உருகாது, பையில் நசுங்காது.

கரிசல் சேற்றில் மாட்டிக்கொண்டால்?

இது தனியாகக் கேட்கப்படும் கேள்வி, ஏனென்றால் இதில்தான் சைக்கிள் உடைகிறது.

ஈரக் கரிசல் ரப்பரில் ஒட்டும், ஒட்டிய மண்ணின் மேல் அடுத்த சுற்றில் இன்னொரு அடுக்கு ஒட்டும். இருபது, முப்பது மீட்டருக்குள் மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே உள்ள இடம் அடைத்துச் சக்கரம் நின்றுவிடும். அப்போது மிதியை அழுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. செயினில் சிக்கிய மண் பின் கியர் மாற்றியை இழுத்து, அதைத் தாங்கும் சின்ன அலுமினியக் கொக்கியை முறித்துவிடும். அந்தக் கொக்கி எந்தக் கிராமத்துக் கடையிலும் கிடைக்காது.

செய்ய வேண்டியது: டயர் கனக்கிறது என்று தோன்றிய உடனே இறங்குங்கள். உருட்ட வேண்டாம், உருட்டினாலும் ஒட்டும். தூக்கிக்கொண்டு புல் இருக்கும் ஓரத்துக்கு வாருங்கள். ஒரு குச்சியால் முதலில் பிரேக்கைச் சுற்றி, பிறகு மட்கார்டுக்குள், கடைசியாகச் செயின் பக்கம் வழித்தெடுங்கள். சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் மண் எளிதாக வெளியே வரும். தண்ணீரை அதன் மேல் வீணாக்காதீர்கள், குடிக்க வேண்டியிருக்கும். கரிசலில் மழை பெய்த மறுநாள் தார்ச் சாலையை விட்டு இறங்காமல் இருப்பதே உத்தமம். உள்ளூர்க்காரர்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

வேறு என்ன ஆபத்து?

வயலிலிருந்து ஏறும் டிராக்டர் உதறிவிட்டுப் போகும் சேற்றுக் கட்டி. தார் மேல் ஈரக்களி எண்ணெய் மாதிரி வழுக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

ஓடும் ரோட்டவேட்டருக்குப் பின்னால் நிற்காதீர்கள். கத்தியில் பட்ட கல் தெறிக்கும். இருபது மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

உழவு நடக்கும்போது எலியும் பாம்பும் வரப்புக்கு ஏறும். கண்ணாடி விரியன் மண்கட்டி நிறத்திலேயே இருக்கும், எனவே வரப்பில் உட்காரும் முன் பாருங்கள். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்காகக் கட்டிய கம்பி எதையும் தொடாதீர்கள், மின்சாரம் விட்டிருக்கலாம். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் பாதை ஓரத்திலேயே இருக்கும்.

கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். உழுத வெட்டவெளியில் இருப்பதிலேயே உயரமான பொருள் நீங்கள்தான். ஒற்றைப் பனைக்குக் கீழே ஒதுங்குவது அதைவிட மோசம். மேற்கே கறுத்தால் ஊரை நோக்கித் திரும்புங்கள்.

செல்போனில் எடுத்தால் கரிசல் சாம்பலாகத் தெரிகிறதே?

கருமையான காட்சியைக் கண்டால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். திரையில் மண்ணைத் தொட்டு, வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அப்போதுதான் கறுப்பு கறுப்பாக வரும். சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று எடுங்கள். சேற்று வயலில் மட்டும் சூரியனை எதிர்த்து எடுக்கலாம். படத்தில் ஒரு கொக்கோ ஒரு பனையோ இல்லாவிட்டால் கட்டி எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

முதல் முறைக்கு எந்த வழி?

கரிசலுக்கு: கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம், ஒரு வழி சுமார் 35 கி.மீ. ஏற்றம் இல்லை, நிழலும் இல்லை. திரும்பும்போது பேருந்தில் ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சேற்று உழவுக்கு: தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, சுமார் 12 கி.மீ. அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் வரும். பெரிய சாலையை விட்டு ஆற்றங்கரைப் பாதையில் திரும்பினால் இரண்டு பக்கமும் வயல்.

செவலுக்கு: தென்காசியிலிருந்து சுந்தரபாண்டியபுரம், சாம்பவர் வடகரை, சுரண்டை. ஆனி, ஆடியில் சூரியகாந்தி பூத்த வயலுக்குப் பக்கத்திலேயே சிவப்பாக உழுது போட்ட வயல் இருக்கும். கூட்டம் முழுக்க பூவிடம் நிற்கும், இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். ஒரு எச்சரிக்கை: அந்த மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்குக் காற்று விடாமல் அடிக்கும். போகும்போது சிறகு முளைத்தது போல இருக்கும், திரும்பும்போது அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். பாதித் தெம்பு மிச்சமிருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை எப்படிக் கழுவுவது?

செவல் மண் என்றால் காயவிட்டுத் துடைப்பத்தால் தட்டினாலே போய்விடும். கரிசலையும் சேற்றையும் காயவிடாதீர்கள், சிமெண்டாகிவிடும். வாளித் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, பிரஷ்ஷால் தேயுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம். சக்கர அச்சுக்குள் தண்ணீர் போய் கிரீஸைக் கழுவிவிடும். பிறகு செயினைத் துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய், கால் மணி நேரம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய வழிய விட்டால் அடுத்த முறை புழுதி அதில் ஒட்டிச் செயினை உப்புத்தாள் போல அரிக்கும். டயரில் ஒட்டியிருக்கும் மண்ணை வழிக்கும்போது முள் நுனி ஏதாவது உடைந்து உள்ளே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதுதான் மறுநாள் காலையில் தட்டையான டயராக நிற்கும்.